பிள்ளைகளை விசாரித்தல்: கம்போடியச் சிறுவர் இல்லமொன்றில் மூன்று மாதங்கள்

திக்கற்ற பிள்ளைகளைப் பேணுதல் திருச்சபையின் பணிகளுள் மிகத் தொன்மையான ஒன்று. பிற பணிகளைக் குறித்து நம்மிடையே கருத்து வேற்றுமைகள் பல எழுந்ததுண்டு. இப்பணியின் நன்மையைக் குறித்து ஐயம் எழுப்பியவர் மிகச் சிலரே. அந்த ஐயமின்மையோடுதான் நாங்கள் நால்வர், இறையியல் மாணவர் மூவரும் அவர்களுக்குத் துணையாக ஆசிரியர் ஒருவருமாக, 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் கம்போடியாவுக்குப் புறப்பட்டோம். அங்கே சியெம் ரியெப் நகருக்கு அருகிலிருந்த சிறுவர் இல்லமொன்றில் ஏப்ரல் நடுப்பகுதி வரை தன்னார்வ ஊழியம் செய்தோம். அந்நாட்கள் எவ்வாறு கழிந்தன என்பதையும், அவற்றின் பொருளைப் பின்னர் நாங்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டோம் என்பதையும் இங்கே எழுதுகிறோம். இல்லத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இக்கட்டுரையில் குறைகூறப்படுவோருள் நாங்களும் இருப்பதால், அதன் பெயரை மட்டும் வெளியிடுவது முறையன்று.

சியெம் ரியெப் கம்போடியாவின் வடமேற்கில் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த அங்கோர் வாட் கோயில் அதற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கே வருகின்றனர். எங்கள் இல்லம் நகருக்கு வெளியே, அறுவடை முடிந்து காய்ந்த வயல்களினூடே செல்லும் செம்மண் சாலையின் ஓரத்தில் இருந்தது. சுற்றிலும் பனைமரங்கள். பனை அந்நாட்டின் தேசிய மரம். எங்களுள் திருநெல்வேலிப் பக்கத்து மாணவர் ஒருவர் இருந்தார். அவருக்கு முதல் நாளிலேயே ஊர் நினைவு வந்துவிட்டது. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை 34 பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு மேலாளர், ஒரு சமையற்கார அம்மையார், இரவுக் காவலையும் வண்டி ஓட்டுதலையும் சேர்த்துப் பார்த்த ஒருவர், உள்ளூர் இளைஞரான ஓர் ஆசிரியர். வெளிநாட்டுத் தன்னார்வலர் எங்களையும் சேர்த்து எப்போதும் ஆறேழு பேர் இருந்தனர். சிலர் இரண்டு வாரம், சிலர் ஒரு மாதம். ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரு தொகை கட்டினோம். எங்கள் உணவுச் செலவு போக மிஞ்சியது இல்லத்தின் வருவாய்.

ஒரு நாளின் ஒழுங்கு

இல்லம் காலை ஐந்து மணிக்கு விழித்துக்கொள்ளும். அருகிலுள்ள புத்த விகாரையின் ஒலிபெருக்கி எங்களை எழுப்பும் முன்னரே பெரிய பிள்ளைகள் ஈர்க்குமாற்றால் முற்றத்தைப் பெருக்கத் தொடங்கியிருப்பர். பெரிய சிமெந்துத் தாழிகளிலிருந்து நீர் மொண்டு குளிப்பார்கள். காலை உணவு அரிசிக் கஞ்சியும் கருவாடும். நம் பழைய போர்டிங் பள்ளிகளில் படித்தவர் எவருக்கும் இக்காட்சி புதிதாக இராது. பிறகு வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையோ பாவாடையோ அணிந்து, ஒரு மிதிவண்டியில் இருவராகப் பள்ளிக்குச் செல்வர். அந்நாட்டு அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் இரு முறைகளாக நடைபெறுகின்றன. காலை ஏழு முதல் பதினொன்று வரை ஒரு கூட்டம், பிற்பகல் ஒன்று முதல் ஐந்து வரை மற்றொரு கூட்டம். ஆகவே எந்த நேரத்திலும் பிள்ளைகளில் பாதிப்பேர் இல்லத்திலேயே இருந்தார்கள். அந்தப் பாதி நாளை நிரப்புவதே எங்களுக்கு இடப்பட்ட வேலை.

நாங்கள் ஆங்கிலம் கற்பித்தோம். எங்களில் எவரும் அதற்குப் பயிற்சி பெற்றவரல்லர் என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. முதல் நாள் உடலுறுப்புகளின் பெயரைச் சொல்லி ஆடும் ஒரு சிறுவர் பாட்டைத் தொடங்கினோம். நாங்கள் முதலடியை முடிக்குமுன் பிள்ளைகள் பாட்டு முழுவதையும் பாடி முடித்துவிட்டனர். எழுத்துகளைக் கற்பிக்க அவர்களுடைய நோட்டுப் புத்தகங்களைத் திறந்தோம். ஒரு சிறுவனின் நோட்டில் அகரவரிசை ஏழு முறை முதலிலிருந்து தொடங்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தொடக்கத்தின் மேலும் வேறுவேறு பெரியவரின் கையெழுத்து. எந்தத் தொடக்கமும் சில பக்கங்களைத் தாண்டவில்லை. எங்களுடையது எட்டாவது. அதை நாங்கள் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம் என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறோம்.

நண்பகலில் சோறும் ஒரு குழம்பும். கொடிக்கீரை, ஆற்றுமீன், மீனைப் புளிக்கவைத்துச் செய்யும் ப்ரஹோக் என்னும் விழுது இவையே பெரும்பாலும் இருக்கும். அந்த விழுதின் மணத்துக்குப் பழக எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. பழகிய பின்னர் அதை விட்டிருப்பது கடினமாயிற்று. உண்டபின் வெயில் தணியும்வரை உறக்கம். மாலையில் பந்து விளையாட்டு, துணி துவைத்தல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல். இரவு எட்டரை மணிக்குக் கொசுவலைகளைச் செருகி விளக்கணைப்போம். நாங்கள் அதன்பின் கூடி ஜெபித்து, நாட்குறிப்பு எழுதிப் படுப்போம்.

அந்நாட்டு மக்கள் ஒருவரையொருவர் விளிக்கும் முறை நமக்கு மிக நெருங்கியது. மூத்தவர் 'போங்', தாயின் வயதுக்கு இளைய பெண்மணி 'மிங்', பாட்டி 'யெய்', பாட்டன் 'தா'. அறியாத ஒருவரையும் உறவுச் சொல்லாலேயே அழைப்பர். ஆசிரியருக்கு 'க்ரூ' என்பது பெயர். நாம் வழங்கும் 'குரு' என்னும் அதே சொல். எங்களைப் பிள்ளைகள் இவற்றுள் எந்தச் சொல்லாலும் அழைக்கவில்லை. எல்லாத் தன்னார்வலருக்கும் பொதுவாக ஆங்கிலத்தில் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள். உறவுச் சொற்கள் சமையற்கார அம்மையாருக்கும் காவலாளிக்கும் மட்டுமே உரியனவாக இருந்தன. இதை நாங்கள் கவனித்தது மிகப் பிந்தியே.

மாலை நான்கு மணியளவில் சில நாட்களில் நகரிலிருந்து பயணிகளை ஏற்றிய வண்டிகள் வரும். கோயில்களைக் கண்டு திரும்புவோர் அரைமணி நேரம் இல்லத்தையும் கண்டு செல்வர். சிறுமியர் பட்டாடை உடுத்து அவர்கள் மரபு நடனத்தை ஆடுவர். அந்நாட்களில் ஆடவேண்டியவர்கள் பள்ளியிலிருந்து முன்னதாகவே அழைத்துவரப்படுவார்கள். பார்வையாளர் சிலர் அழுவர், பெட்டியில் காசு இடுவர், பிள்ளையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வர். ஒருவர் 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்த மாதம் அரிசி வேண்டுமளவுக்கு மேல் இருந்தது, சோப்பு இல்லை. வந்த பொம்மைகள் அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டு, அடுத்த கூட்டம் வரும்போது வெளியே எடுக்கப்பட்டன. இவற்றையெல்லாம் கண்டு நாங்கள் முணுமுணுத்தோம். அப்பயணிகளுக்கும் எங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டென்று எண்ணினோம்.

மடியில் உறங்கிய சிறுமி

நாங்கள் வந்து இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து எங்களுள் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டாள். அன்று மாலை அவர் மடியிலேயே உறங்கினாள். மறுநாள் வந்த ஆஸ்திரேலியத் தன்னார்வலரின் மடியிலும் அவ்வாறே உறங்கினாள். எங்கள் பெயரைக் கேட்ட பிள்ளைகள் அடுத்துக் கேட்ட கேள்வி, நாங்கள் திரும்பிப் போகும் தேதி எது என்பது. அதை மரியாதைக்கான விசாரிப்பு என்று கொண்டோம். இப்பிள்ளைகள் எங்கள்மேல் அன்பு மழை பொழிகிறார்கள் என்றும், அந்நியரையும் தயக்கமின்றி அணைக்கும் தூய உள்ளம் அவர்களுடையது என்றும் எங்கள் சபைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினோம். அது ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்பட்டு, இல்லத்துக்கெனக் காணிக்கையும் சேர்க்கப்பட்டது.

பிப்ரவரி இறுதியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. எங்களிடம் வெப்பமானியும் மாத்திரைகளும் இருந்தன. இருவர் மாறிமாறி அவன் கட்டிலருகே அமர்ந்து ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தோம். நள்ளிரவுக்குப்பின் எங்களில் ஒருவர் கண்ணயர்ந்தார். விழித்தபோது கட்டிலில் பிள்ளை இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு தேடிச் சென்றோம். இருளில் தள்ளாடி முற்றத்தைக் கடந்து, சமையற்கட்டின் பின்புறம் பாயில் படுத்திருந்த அம்மையாரிடம் அவன் போயிருந்தான். அவர் எழுந்தமர்ந்து, அந்நாட்டு வழக்கப்படி தைலம் தடவி நாணயத்தின் விளிம்பால் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் முழங்காலை இறுகப் பற்றினான். பகலில் எங்கள் தோள்களில் ஏறி விளையாடிய அதே சிறுவன்.

அந்த அம்மையார் ஆறு ஆண்டுகளாக அங்கே இருந்தார். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சியதை நாங்கள் கண்டதில்லை. அதற்கு அவருக்கு நேரமுமில்லை. 34 பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் மூன்று வேளை சமைத்தார். அவருடைய மாதச் சம்பளம், எங்களில் ஒருவர் ஒரு வாரத்துக்குக் கட்டிய தொகையினும் குறைவானது.

மடியில் உறங்கிய சிறுமியையும் முகத்தைத் திருப்பிக்கொண்ட சிறுவனையும் சேர்த்து எண்ணும்போதுதான் எங்கள் கடிதம் தவறு என்பது விளங்கத் தொடங்கியது. இதனை நாங்கள் புதிதாகக் கண்டறிந்துவிடவில்லை. அறிந்தோர் நெடுநாளாகச் சொல்லிவருவதே. உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மனநல மருத்துவர் 1951-இல் அளித்த அறிக்கை, ஒரு குழந்தைக்குத் தன் தாயுடனோ தாய்க்கு நிகரான ஒருவருடனோ இடையறாத நெருங்கிய உறவு தேவை என்பதை வற்புறுத்தியது. பின்னர் பார்பரா டிசார்டும் அவருடைய துணை ஆய்வாளர்களும் இலண்டனிலிருந்த குழந்தைக் காப்பகங்களை ஆராய்ந்தனர். அவை வறுமைப்பட்ட இடங்களல்ல. நல்ல உணவும் புத்தகங்களும் விளையாட்டுப் பொருட்களும் போதிய பணியாளரும் இருந்தனர். ஆயினும் நாலரை வயதுக்குள் ஒரு குழந்தையைச் சராசரியாக ஐம்பது வெவ்வேறு பெரியவர்கள் பேணியிருந்தனர். அவ்வாறு வளர்ந்த குழந்தைகளில் பலர் அறியாதவரிடமும் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வதை அவர்கள் கண்டார்கள்.

உரிய ஒருவர் இல்லாத இடத்தில் குழந்தை எவரையும் பற்றிக்கொள்ளக் கற்கிறது. பற்றிக்கொள்வதைப் போலவே விட்டுவிடவும் கற்கிறது. நாங்கள் போகும் தேதியைக் கேட்டது அதற்காகவே. எங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று அவர்கள் கணக்கிட வேண்டியிருந்தது. இதன் விளைவுகள் நடத்தையோடு நிற்பதில்லை. ருமேனியாவில் 1989-இல் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபின் வெளிப்பட்ட காப்பகங்களின் கொடுமையை வாசகர் அறிந்திருப்பர். அந்நாட்டின் தலைநகரான புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்றில், காப்பகக் குழந்தைகள் 136 பேரில் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டனர். குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மற்றவர்களுடையதினும் மேம்பட்டிருந்தது. எவ்வளவு இளம் வயதில் சென்றனரோ அவ்வளவுக்கு முன்னேற்றமும் மிகுந்திருந்தது. எங்கள் இல்லத்தை அக்காப்பகங்களோடு ஒப்பிடுதல் அநீதி. அங்கே பட்டினியும் அடியும் இல்லை. இல்லாதிருந்தது நிலைத்திருக்கும் ஒருவர். இருந்த ஒரே ஒருவரும் அடுப்படியில் இருந்தார்.

புத்தாண்டு

கம்போடியரின் ஆண்டுப் பிறப்பும் நம் சித்திரைப் பிறப்பும் ஏறத்தாழ ஒரே நாட்களில் வருகின்றன. 2012-இல் அது ஏப்ரல் 13-ஆம் நாள் தொடங்கிற்று. அந்நாட்களில் நாடே சொந்த ஊருக்குத் திரும்பும். இல்லத்தில் பிள்ளைகளோடு அதைக் கொண்டாட நாங்கள் ஒரு மாதமாகத் திட்டமிட்டு, நாடகமும் இனிப்புகளும் ஆயத்தம் செய்திருந்தோம்.

ஏப்ரல் 11-ஆம் நாள் காலை ஒரு பெண்மணி மிதிவண்டியில் வந்து வாயிலில் நின்றார். அவரைக் கண்டதும் நாங்கள் மேலே சொன்ன ஆறு வயதுச் சிறுமி ஓடவில்லை. மெல்ல நடந்து சென்று அவர் பக்கத்தில் நின்றாள். அவர் அவள் தலையை முகர்ந்தார். அவளுடைய தாய். அன்றும் மறுநாளும் தாய்மாரும் பாட்டிகளும் மாமன்மாரும் மோட்டார் சைக்கிள்களிலும் மாட்டுவண்டியிலும் வந்தவண்ணம் இருந்தனர். 34 பிள்ளைகளில் 27 பேர் இரண்டு நாட்களில் வீடு சென்றுவிட்டார்கள். எஞ்சிய எழுவரில் மூவருக்கு உறவினர் தாய்லாந்தில் கூலிவேலையில் இருந்ததால் வர இயலவில்லை. உண்மையாகவே எவருமற்றவர் நால்வர். எங்கள் நாடகம் அந்த எழுவருக்கும் காவலாளிக்குமாக நடந்தது.

அத்தாயோடு உள்ளூர் ஆசிரியரின் உதவியால் பேசினோம். எங்களுக்கென ஓலைப்பெட்டியில் பனைவெல்லம் கொண்டுவந்திருந்தார். கணவர் இறந்து மூன்று ஆண்டு. அரை ஏக்கருக்கும் குறைந்த நிலம் மருத்துவக் கடனுக்கு ஈடாயிற்று. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை என்பது சட்டம்; சீருடைக்கும், நோட்டுக்கும், ஆசிரியர் நாள்தோறும் கேட்கும் சில்லறைக்கும் அவரிடம் பணமில்லை. இல்லத்தில் வெளிநாட்டார் இலவசமாக ஆங்கிலம் கற்பிக்கிறார்கள் என்று ஊரில் ஒருவர் சொன்னார். ஆகவே கொண்டுவந்து விட்டார். மகளை ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்கும் எண்ணத்தோடு பேசத் தொடங்கிய எங்களுக்கு, அவளை அவரிடமிருந்து ஈர்த்தது எங்கள் ஆங்கில வகுப்பே என்று தெரிந்தபோது நா எழவில்லை.

இது எங்கள் இல்லத்துக்கு மட்டும் உரிய கதையன்று. கம்போடிய அரசின் சமூகநலத் துறையும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, நாங்கள் புறப்படுமுன்னரே எவரும் வாசிக்கக்கூடியதாயிருந்தது. அதன்படி அந்நாட்டில் சிறுவர் இல்லங்கள் 2005-இல் 154; 2010-இல் 269. அவற்றில் வாழ்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிரோடிருந்தனர். கெமர் ரூஜ் ஆட்சியின் பேரழிவு 1979-இல் முடிந்தது. அதில் பெற்றோரை இழந்தவர்கள் 2005-க்குள் தாமே பெற்றோராகிவிட்டனர். பின் இல்லங்கள் பெருகியது எதனால்? அதே ஐந்தாண்டுகளில் அந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 14 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்ந்தார்கள். உதவி செய்ய விரும்பி வருவோர் பெருகப் பெருக, உதவி பெறும் பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள். 2011-இலேயே சிறுவர்கள் சுற்றுலாக் காட்சிப் பொருட்களல்லர் என்று எச்சரிக்கும் விளம்பர இயக்கமொன்று அந்நாட்டில் தொடங்கப்பட்டது. நகரில் அச்சுவரொட்டியைக் கண்டு நாங்கள் தலையசைத்துவிட்டு இல்லத்துக்குத் திரும்பியிருக்கிறோம்.

திருமறை கூறும் 'திக்கற்றோர்' யாவர்?

நாடு திரும்பியபின் எங்கள் வகுப்பறையில் இப்பொருளை மீண்டும் எடுத்துக்கொண்டோம். பழைய ஏற்பாட்டில் திக்கற்ற பிள்ளை என வழங்கும் எபிரெயச் சொல் 'யாத்தோம்'. தாயும் தந்தையும் இல்லாதவர் என்று நாம் பொருள் கொண்டு பழகிவிட்டோம். அச்சொல் வரும் இடங்களைக் கூர்ந்து நோக்கின், பெரும்பாலும் தந்தையை இழந்த பிள்ளையையே அது குறிப்பது புலனாகும். யாத்திராகமம் 22:24-இல் மனைவியர் விதவைகளாவதும் பிள்ளைகள் திக்கற்றவர்களாவதும் ஒரே நிகழ்ச்சி. புலம்பல் 5:3-இலும் தாய்மார் இருக்கிறார்கள். யோபு 24:9 இன்னும் தெளிவானது. அங்கே திக்கற்ற பிள்ளை தாயின் மார்பிலிருந்து பறிக்கப்படுகிறது. பறித்தல் துன்மார்க்கர் செயலாகச் சொல்லப்படுகிறது. விதவையும் திக்கற்ற பிள்ளையும் திருமறையில் இணைபிரியாது வருவது ஓசை நயத்துக்காக அன்று. அவர்கள் ஒரே வீட்டில் வாழும் தாயும் சேயும்.

ஆகவேதான் உபாகமம் 24-ஆம் அதிகாரத்துச் சட்டங்கள் பிள்ளையைத் தனியே பிரித்து எங்கும் கொண்டுசெல்வதில்லை. வயலில் மறந்த அரிக்கட்டும், ஒலிவ மரத்தில் எஞ்சிய கனியும், திராட்சைத் தோட்டத்தில் பின்பறிப்பும் விடப்படுகின்றன. அவற்றைச் சேர்த்து எடுத்து வீட்டுக்குச் செல்வது தாயின் கை.

இறையியல் மாணவர் தனிப்பட ஆழ்ந்து நோக்கவேண்டிய பகுதி 2 இராஜாக்கள் 4:1-7. தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் கடனோடு இறந்துபோகிறார். கடன் கொடுத்தவன் இரு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். எலிசாவிடம் ஓர் ஏற்பாடு ஆயத்தமாகவே இருந்தது. அவரைச் சுற்றித் தீர்க்கதரிசிகளின் குழுவொன்று கூடி வாழ்ந்தது. அவ்விரு பிள்ளைகளையும் அங்கே சேர்த்துக்கொள்ளுதல் எளிது, கேட்போருக்கு உருக்கமாகவும் இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று அத்தாயிடம் கேட்கிறார். கதவு பூட்டப்பட்டு, எண்ணெய் வார்க்கப்படும்போது பாத்திரங்களை எடுத்துக் கொடுப்பவர்கள் அப்பிள்ளைகளே. எலிசா உள்ளே இல்லை. கடன் தீர்கிறது, மிஞ்சியதைக்கொண்டு தாயும் பிள்ளைகளும் பிழைக்கிறார்கள். அந்த அற்புதத்தின் பயன் ஒரு குடும்பம் பிரியாதிருத்தல். சியெம் ரியெப்பில் மிதிவண்டியில் வந்த பெண்மணிக்கும் இருந்தது கடன்தான்.

யாக்கோபு 1:27-இல் திக்கற்றோரையும் விதவைகளையும் குறித்து வரும் கிரேக்க வினை 'எபிஸ்கெப்டெஸ்தை'. ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இது 'போய்ப் பார்த்தல்' என்னும் பொருள் தருவதாய் அமைந்துள்ளது. போய்ப் பார்த்துவிட்டு வரும் பழக்கத்துக்கு அதுவும் துணைசெய்ததோ என்று எங்களுக்கு ஓர் ஐயம். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'விசாரித்தல்' என்னும் சொல்லை வழங்குகிறது. பொறுப்பேற்றுப் பேணுதலும் கேட்டறிதலும் அதனுள் அடங்கும். கண்காணியாகிய பேராயரின் பதவிப் பெயரும் கிரேக்கத்தில் இதே வேரிலிருந்து வருவது. அதே வினை லூக்கா 7:16-இலும் உள்ளது. நாயீன் ஊரில் இறந்த இளைஞனை உயிரோடெழுப்பிய இயேசு, அவனைத் தம்மைப் பின்பற்றும்படி அழைத்துச் செல்லவில்லை. அவனுடைய தாயிடம் ஒப்புவித்தார் (7:15). சாறிபாத் விதவையின் மகனை எலியா ஒப்புவித்ததைச் சொல்லும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டின் சொற்றொடரையே லூக்கா இங்கே கையாளுகிறார். இறைவன் தம் மக்களை 'விசாரித்தார்' என்று கூட்டத்தார் சொல்வது அதைக் கண்ட பின்னரே.

நம் முன்னோர் நிறுவிய இல்லங்களை இழித்துரைப்பது எங்கள் கருத்தன்று. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, பிராங்கே திக்கற்றோர் இல்லத்தை நிறுவிய ஹாலே நகரோடு தொடர்புடையவர். 1876-78-இன் கொடும் பஞ்சத்தில் ஊரே அழிந்தபோது பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேறு கைகள் இல்லை. அத்தகைய வேளைகள் இனியும் வரலாம். எங்கள் இல்லத்து நால்வரைப் போன்றோருக்கு ஒரு கூரை எப்போதும் தேவை. ஆனால் பஞ்சகாலத்து மருந்தை நாள்தோறும் ஊட்டும் உணவாக்கிவிட்டோம். இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்த்தலைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்கிறது. ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானம், இத்தகைய இல்லங்களுக்கான தன்னார்வப் பயணத்தால் விளையும் தீங்கையே சுட்டியது.

இன்று ஒரு மாணவரோ சபைக் குழுவினரோ இவ்வாறு செல்ல விரும்பி எங்களைக் கேட்கும்போது, புறப்படுமுன் சிலவற்றைக் கேட்டறியச் சொல்கிறோம். எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் உண்டு? அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார், கடைசியாக வந்தது எப்போது? சமையற்காரரின் சம்பளம் என்ன? இவற்றுக்கு விடை கூறத் தயங்கும் இல்லத்துக்குப் போகவேண்டாம் என்கிறோம். ஆங்கிலம் கற்பிக்கும் திறமுடையவர் உள்ளூர் ஆசிரியருக்குக் கற்பிக்கலாம். அவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பார். சிலருக்கு இந்த ஆலோசனை கசக்கிறது. பிள்ளைகளோடு இருக்கத்தானே போகிறோம் என்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

கம்போடிய அரசு 2015-இல் சிறுவர் இல்லங்களை ஒழுங்குபடுத்தும் ஆணை பிறப்பித்தது. ஐந்து மாநிலங்களில் இல்லத்துப் பிள்ளைகளில் 30 விழுக்காட்டினரை 2018-க்குள் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்புவதும் குறிக்கோளாக வைக்கப்பட்டது. எங்கள் இல்லம் 2017-இல் மூடப்பட்டது. அதன் இளம் ஆசிரியர் எங்களுக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் நன்மையாய் முடிந்துவிடவில்லை. காய்ச்சலில் கிடந்த சிறுவன் பாட்டியிடம் அனுப்பப்பட்டு, ஓராண்டுக்குள் பள்ளியை விட்டுத் தாய்லாந்து எல்லையில் சுமை தூக்கப் போய்விட்டான். எவரும் அவர்களைத் தொடர்ந்து விசாரிக்கவில்லை. மடியில் உறங்கிய சிறுமி தாயோடிருந்து படிக்கிறாள். எவருமற்ற நால்வரில் இளையவர் இருவரைச் சமையற்கார அம்மையார் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சந்தையில் கஞ்சி விற்று வளர்க்கிறார்.

கடிதத்தின் இறுதியில் அப்பிள்ளைகளின் சார்பில் ஒரு வேண்டுகோள் இருந்தது. அவர்களுடைய குழந்தைப் பருவத்துப் படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லையாம். எடுத்தவர்கள் எல்லாரும் கொண்டுபோய்விட்டார்கள். எங்களிடம் இருப்பவற்றை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். நால்வரும் தேடி இருநூறுக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்தோம். பெரும்பாலானவற்றில் நடுவில் இருந்தவர்கள் நாங்கள். பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிந்த நாற்பத்தொன்றை அச்சிட்டு, பின்புறத்தில் தேதி எழுதி அஞ்சலில் அனுப்பினோம்.